நான்கு போத்தல் காளை ரத்தம்

போத்தலில் ஒட்டியிருந்த காளைத் தலையைப் பார்த்ததும் மாமி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

“உது என்ன பிள்ளை?”

“வைன், மாமி. ஹங்கேரியில இருந்து கொண்டாந்திருக்காங்க.”

“மாட்டுப் படம் போட்டிருக்கு?”

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. அந்த ஊரில் இந்த வைனுக்குக் காளை ரத்தம் என்று பெயர், பெயர் மட்டும்தான் அப்படி, உள்ளே இருப்பது திராட்சைதான் என்று சொன்னேன். மாமி என்னையும் போத்தலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பேர் வைக்க வேற ஒண்டும் கிடைக்கேல்லையாமோ அவைக்கு?” என்று கேட்டுவிட்டு, அடுப்பை அணைத்துத் தன் அறைக்குப் போய்விட்டார்.

கூடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றிருந்த விருந்தாளிக்கு ஒன்றும் புரியவில்லை. தான் ஏதாவது தவறு செய்துவிட்டோமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, என் மாமியாருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். அதை அவர் நம்பினார். பினாங்கு வெயில் அவருக்கும் ஒத்துக்கொள்ளாமல்தான் இருந்தது.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. புக்கிட் தெங்காவில், கார்களுக்குள் வைக்கிற சென்சார் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எஞ்சினியராக இருந்தேன். ஜார்ஜ் டவுனில் என் கணவரின் அப்பா வாங்கிப்போட்ட பழைய வரிசை வீட்டில் நாங்கள் மூன்று பேர். கணவர் தீவிலேயே ஓர் இடைநிலைப் பள்ளியில் ஆசிரியர். மாமி இருபது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். ஐம்பது வருஷம் பினாங்கில் இருந்தும் அவர் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. சந்தையை மட்டும் பாசார் என்பார்.

எங்கள் நிறுவனத்துக்கு ஹங்கேரியிலும் ஒரு தொழிற்சாலை இருந்தது. அங்கே ஓடிய உற்பத்தி லைன் ஒன்றை இங்கே கொண்டுவந்து நிறுத்தப் போவதாகச் சொன்னார்கள். ஆசியாவில் தேவை கூடிவிட்டது, இங்கும் ஒன்று வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். மெஷின்கள் கப்பலில் வந்தன. அந்த மெஷின்களோடு பதினொரு வருஷம் பழகியவர் விமானத்தில் வந்தார். அவர்தான் அன்று எங்கள் கூடத்தில் நின்றவர். ஐம்பத்திரண்டு வயது. உயரமான உருவம். சங்கிலி போட்டுக் கழுத்தில் தொங்கவிட்ட மூக்குக்கண்ணாடி. பத்து மாதம் தங்கி அந்த லைனை எங்கள் கையில் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். புலாவ் திக்குஸில் ஓர் அடுக்குமாடி வீடு எடுத்துக் கொடுத்திருந்தார்கள். என் வீடும் அந்தப் பக்கம் என்பதால் தினமும் என் காரில்தான் வேலைக்கு வருவார். தீவிலிருந்து எதிர்க்கரைக்குப் போகும் பாலத்தில் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் நாங்கள் தோழிகளானோம்.

அவருடைய தம்பிக்கு எகெர் என்கிற ஊருக்கு வெளியே மலைச்சரிவில் கொஞ்சம் திராட்சைக் கொடி இருந்தது. அன்று அவர் கொண்டுவந்தது தம்பி வீட்டுப் பாதாள அறையில் செய்த வைன். எக்ரி பிகவேர். அவர்கள் மொழியில் ‘வேர்’ என்றால் ரத்தமாம்.

சாப்பாட்டு மேசையில் அந்தப் பெயரின் கதையைச் சொன்னார். எப்போதோ துருக்கிப் படை வந்து அந்த ஊர்க் கோட்டையைச் சூழ்ந்துகொண்டதாம். உள்ளே இருந்தவர்கள் சிவப்பு வைனைக் குடித்துக் குடித்துச் சண்டை போட்டார்களாம். தாடியெல்லாம் சிவப்பாக நிற்பதைப் பார்த்து, இவர்கள் காளை மாட்டின் ரத்தத்தைக் குடிக்கிறார்கள் என்று பயந்து துருக்கியர்கள் ஓடிவிட்டார்களாம்.

“உண்மையா?” என்று கணவர் கேட்டார்.

“பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். என் தம்பி போத்தல் விற்பதற்காகச் சொல்வான்” என்றார்.

எங்கள் வீட்டில் வைன் கிண்ணம் ஏது? பள்ளி விளையாட்டுப் போட்டி ஒன்றில் கணவருக்குக் கிடைத்த கண்ணாடித் தம்ளர்களில் விருந்தாளியே ஊற்றினார். கம்பெனியின் ஆண்டு விருந்துகளில் ஒன்றிரண்டு வாய் குடித்திருக்கிறேனே தவிர, வைனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மேசையில் மாமி காலையிலேயே வைத்திருந்த புளி விட்ட மீன்குழம்பு. சோற்றில் குழம்பைப் பிசைந்து ஒரு வாய், வைன் ஒரு வாய். துருப்பிடித்த ஆணியை நாக்கின் மேல் வைத்தது போலிருந்தது. குழம்பின் காரம் எங்கிருந்தோ ஏறி வந்து காதைச் சுட்டது. மரியாதைக்காக விழுங்கிவிட்டு நிமிர்ந்தால், அவரும் அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“ரிஜெக்ட்” என்றார். லைனில் பழுதான சென்சாரைச் சிவப்புப் பெட்டியில் போடும்போது சொல்கிற அதே குரலில்.

மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு மாமியின் அறைக்கும் கேட்டிருக்கும்.

கணவர்தான் தம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார், “இது சூடா இருக்கு லா. கொஞ்ச நேரம் ஐஸ்பெட்டியில வெச்சுப் பார்த்தா என்னா?”

நான் மொழிபெயர்த்தேன். சிவப்பு வைனைக் குளிர வைக்கக் கூடாது, அறையின் சூட்டிலேயே குடிக்க வேண்டும் என்று எங்கோ படித்ததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த அறை என்பது ஹங்கேரியில் மண்ணுக்கடியில் இருக்கிற அறை, பினாங்கில் மதியம் ஒரு மணிக்கு மின்விசிறி சுற்றுகிற கூடம் இல்லை என்று அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. அரை மணி நேரம் ஐஸ்பெட்டியில் வைத்து எடுத்தோம். மீன்குழம்பை மூடி வைத்துவிட்டு வெறுமனே குடித்தோம். வேறு ஏதோ ஒன்றைக் குடிப்பது போலிருந்தது. சாராய நெடி அடங்கி, உள்ளிருந்து ஒரு பழம் எழுந்து வந்தது.

“மெட்ஜ்” என்றார். புளிக்கும் செர்ரி. அவர்கள் ஊரில் வேலியோரம் காய்க்குமாம். அதில் சூப்பே வைப்பார்களாம். எங்களுக்கு அந்தப் பழம் தெரியாது. நான் மூக்கைத் தம்ளருக்குள் விட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த ஏதோ ஒரு வாசனைதான். பள்ளிக்கூட வாசலில் சீனக் கடையில் வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் ஆசாம் போய், அந்த உலர்ந்த உப்புப் புளிப்புப் பிளம்ஸ், அதன் வாசனை. சொன்னேன். மறுநாள் காரில் வரும்போது அவருக்கு ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருந்தேன். ஒன்றை வாயில் போட்டு, பாலம் முடியும் வரை சப்பிக்கொண்டே வந்தார். கொட்டையைத் துப்பிவிட்டு, “உப்பை எடுத்துவிட்டால் என் அம்மாவின் தோட்டம்” என்றார்.

ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டால் விடுகிற ஆள் இல்லை அவர். எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் எது இந்த வைனோடு ஒத்துப்போகும் என்பதைக் கண்டுபிடிக்காமல் ஊர் திரும்பப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். போத்தல்தான் இல்லை. அது தானாக வந்தது. ஹங்கேரியிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு முறை யாராவது ஒரு தொழில்நுட்ப ஆள் இரண்டு வாரம் வேலையாக வருவார். தம்பி ஒவ்வொருவர் கையிலும் ஒரு போத்தலைக் கொடுத்தனுப்பினார்.

இரண்டாவது போத்தலை அவர் வீட்டில் திறந்தோம். அவருக்கு நாசி கண்டார், எங்கள் ஊர் முஸ்லிம் கடைகளில் கிடைக்கும் கறிச் சோறு, வேண்டும் என்றிருந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் இருந்த ஒரு கடையில் கணவர் வரிசையில் நின்று மூன்று பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். வைனோடு அந்தக் கடைக்குள் போய் உட்கார முடியாது என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரே கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். கோழி, வெண்டைக்காய், உப்பு முட்டை. சோற்றின் மேல் நாலைந்து குழம்பு ஒன்றாகக் கலந்து ஊற்றியது. அந்தக் கலவைக் குழம்போடு வைன் காணாமலே போய்விட்டது. காரம் மட்டும் எரிந்தது. ஆனால் கணவர் தனக்கென்று வேறு கோழி வாங்கியிருந்தார், கறுத்த சோயாவில் இனிப்பாகப் புரட்டிய மசாக் கிச்சாப். அதில் ஒரு துண்டைப் பிய்த்துத் தின்றுவிட்டு வைனைக் குடித்தவர் பொட்டலத்தை எங்கள் பக்கம் தள்ளினார். சோயாவின் கருகிய இனிப்பும் வைனின் புளிப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. என் தோழி எழுந்து போய் ஒரு பழைய வேலைக் குறிப்பேட்டை எடுத்துவந்து எழுதினார். மீன்குழம்பு, ரிஜெக்ட். சோயாக் கோழி, பாஸ்.

மாமி இதிலெல்லாம் சேரவில்லை. விருந்தாளி வந்தால் தலையாட்டிச் சிரிப்பார், தேநீர் போடுவார், அவ்வளவுதான். என்னைப் பார்த்து என் தோழியும் அவரை ‘மாமி’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். வெகுநாள் அதை அவருடைய பெயர் என்றே நினைத்திருந்தாராம்.

மூன்றாவது போத்தல் வந்தபோது, அதோடு ஒரு தகர டப்பாவும் வந்தது. பப்ரிகா, அவர்கள் ஊர் மிளகாய்த்தூள். எங்களுக்கு அவர்கள் ஊர்க் கறி வைத்துத் தருவதாகச் சொன்னார். அதற்கு மாட்டிறைச்சிதான் வழக்கம், ஆனால் உங்கள் வீட்டில் கூடாது என்று தெரியும், வேறு எது நல்லது என்று கேட்டார். சனிக்கிழமை காலையில் சௌராஸ்தா பாசாருக்குப் போய் ஆட்டிறைச்சி வாங்கினோம். எலும்போடு வேண்டும் என்று அவரே கையால் தன் முழங்காலைக் காட்டிக் கேட்டு வாங்கினார்.

மாமி சமையலறையை விட்டுக் கொடுக்கவும் இல்லை, உதவிக்கு வரவும் இல்லை. முக்காலியைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். என் தோழி வெங்காயத்தை வெட்டினார். வெட்டினார், வெட்டிக்கொண்டே இருந்தார். இறைச்சி எவ்வளவோ அவ்வளவு வெங்காயம். அதைச் சின்னத் தீயில் வைத்து அது குழைந்து கூழாகும் வரை கிளறினார். மாமி டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார்.

“உறைப்பே இல்லை. இது என்னத்துக்கு?” என்றார் என்னிடம்.

அதற்குள் தூள் போடும் நேரம் வந்துவிட்டது. என் தோழி சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்துவிட்டுத் தூளைப் போட்டார். தீயிலேயே போட்டால் கருகிக் கசந்துவிடும் என்றார். நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே மாமி எழுந்து நின்றுவிட்டார்.

“பார், சட்டியை இறக்கிறா. வேலை தெரிஞ்ச ஆள்தான்.”

மாமியும் தன் வறுத்த கறித்தூளை அப்படித்தான் போடுவார். இத்தனை வருஷத்தில் நான் ஒருநாளும் இறக்கியதில்லை என்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு சமையல் இரண்டு பேருடையது ஆனது. இறைச்சி பாதி வெந்திருக்கும்போது மாமி, யாரையும் கேட்காமல், மிளகை இடித்துக்கொண்டுவந்து ஒரு கரண்டி போட்டார். என் தோழி ருசி பார்த்துவிட்டு, இன்னொரு கரண்டி என்று விரலால் காட்டினார்.

இடியப்பத்தோடு சாப்பிட்டோம். வெங்காயம் எங்கே போனது என்றே தெரியவில்லை; எலும்பைச் சுற்றி இனிப்பான சிவப்புக் குழம்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஆட்டுக் கொழுப்பு நாக்கில் படிந்திருக்கும்போது வைனைக் குடித்தால் அதன் துவர்ப்பு அதைத் துடைத்துக்கொண்டு போனது. அடுத்த வாய் இடியப்பத்துக்கு நாக்கு புதிதாக நின்றது. வைனுக்குள்ளும் மிளகு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. குழம்பில் இருந்த மிளகு அதைக் கூப்பிட்டு வெளியே கொண்டுவந்தது. கடைசியில் ஈரமான மரப்பெட்டியைத் திறந்தது போல ஒரு வாசனை மட்டும் தங்கியது.

எதனால் இதற்கு இத்தனை வாசனை என்று கணவர் கேட்டார். ஒரே திராட்சையில் செய்தால் அது பிகவேர் ஆகாது என்றார் என் தோழி. மூன்று நான்கு வகைத் திராட்சையைத் தனித்தனியாகச் செய்து, பிறகு கலக்க வேண்டும். எதை எவ்வளவு என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு. நான் இதை மாமிக்குச் சொன்னேன்.

“கறித்தூள் மாதிரியெண்டு சொல்லு” என்றார் மாமி.

சொன்னேன். என் தோழி சத்தமாகச் சிரித்து, மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். குறிப்பேட்டில் அன்றைக்கு அவர் பாஸ் என்று எழுதவில்லை. ஹங்கேரிய மொழியில் ஏதோ இரண்டு வரி எழுதினார். நான் கேட்கவில்லை.

அதற்கு ஆறு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை என்னை மேலாளர் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஹங்கேரித் தொழிற்சாலையை வருஷக் கடைசியில் மூடுகிறார்கள் என்றார். இப்போது வந்தது முதல் லைன்தான், மிச்சம் மூன்றும் வரும். இந்தப் பிரிவு முழுவதுக்கும் பொறுப்பாக என்னைப் போடப்போகிறார்கள். அங்கே முறையாக அறிவிக்கும் வரை யாரிடமும் வாய் திறக்கக் கூடாது, முக்கியமாக என் தோழியிடம். நான் சரியென்று சொன்னேன். வெளியே வந்தபோது என் தோழி கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, மெஷினுக்குள் தலையை விட்டு, எங்கள் ஆள் ஒருவருக்கு ஏதோ காட்டிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமும் என் காரில்தான் வந்தார். மறுநாளும், அதற்கடுத்த வாரமும். பாலத்தில் நான் வானொலியைச் சத்தமாக வைத்தேன்.

பத்து நாள் கழித்து நான்காவது போத்தல் வந்தது. அதைக் கொண்டுவந்த ஆள் செய்தியையும் கொண்டுவந்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் என் தோழி எப்போதும் போலப் போத்தலோடு வந்தார். வாத்துக்குப் புளிப்புச் செர்ரி என்பது அவர்கள் ஊர் வழக்கம் என்று முன்பு சொல்லியிருந்ததால், கணவர் சீனக் கடையில் சுட்ட வாத்து வாங்கி வைத்திருந்தார். தோல் மொறுமொறுவென்று, தொட்டுக்கொள்ளப் பிளம்ஸ் சாறு. அந்த வைனுக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்றை நாங்கள் அதுவரை சாப்பிடவில்லை. ஆனால் எனக்கு அதன் ருசி சரியாக நினைவில் இல்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அவரும் அன்றைக்கு அதிகம் பேசவில்லை. கணவர் மட்டும் பள்ளிக்கூடக் கதை எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமி தன் தேநீரோடு வந்து எங்கள் கூட உட்கார்ந்தார்.

“உவ எப்ப ஊருக்குப் போறா?” என்று என்னிடம் கேட்டார்.

“அடுத்த மாசம், மாமி.”

“அங்க போய் என்ன வேலை செய்யப் போறா எண்டு கேள். மெஷின் எல்லாம் இஞ்ச வந்திட்டுது.”

கேள்வி தன்னைப் பற்றியது என்று என் தோழிக்குப் புரிந்துவிட்டது. மாமி என்ன கேட்கிறார் என்றார். நான் வாத்துத் துண்டை ஒரு தட்டில் எடுத்து மாமியின் முன்னால் வைத்தேன். மாமி தனக்கு வேண்டாம் என்று திருப்பி வைத்துவிட்டு, “கேளன்” என்றார்.

கேட்டேன்.

அவர் துணியில் விரல்களைத் துடைத்தார். “வேலை இல்லை” என்றார். “வருஷக் கடைசியில் மூடுகிறார்கள். வெள்ளிக்கிழமைதான் எனக்குத் தெரியும். முந்நூறு பேர்.” பிறகு, “நான் இங்கே கற்றுக்கொடுத்தது சரியாக முடிந்தால்தான் அங்கே மூட முடியும். சரியாகத்தான் முடிந்திருக்கிறது, இல்லையா?” என்றார்.

மாமிக்காக அதைத் தமிழில் சொன்னேன். அந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தைப் போல நீளமான எதையும் நான் அதற்கு முன்னும் பின்னும் மொழிபெயர்த்ததில்லை. எனக்கு முன்பே தெரியும் என்பதைச் சொல்ல அது நல்ல இடம். கணவர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு நான் சொல்லியிருந்தேன். ஆனால் நான் சொன்னது, “ஐ ஆம் சாரி” மட்டும்தான், அப்போதுதான் கேள்விப்பட்டவள் போல.

மாமி எழுந்து சமையலறைக்குப் போனார். தேநீர் ஆறிவிட்டதால் வேறு போடப் போகிறார் என்று நினைத்தேன். தான் மருந்து குடிக்கிற சின்ன வெள்ளித் தம்ளரோடு வந்தார்.

“எனக்கும் கொஞ்சம் விடச் சொல்லு.”

“அம்மா, என்னம்மா?” என்றார் கணவர்.

“விடச் சொல்லு.”

என் தோழி எழுந்து நின்று இரண்டு கையாலும் போத்தலைப் பிடித்து ஊற்றினார். மாமி கண்ணை மூடிக்கொண்டு, கஷாயம் குடிப்பது போல ஒரே மூச்சில் குடித்தார். முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம் எதையோ கவனித்துக்கொண்டிருப்பவர் போல இருந்தார்.

“மருந்துதான்” என்றார். “ஆனா மிளகுரசம் குடிச்சாப்பிறகு தொண்டையில ஒண்டு நிக்கும் பார், அது நிக்குது. நல்லாச் செய்திருக்கினம். தம்பியாருக்குச் சொல்லச் சொல்லு.”

அதையும் மொழிபெயர்த்தேன். அப்போதுதான் என் தோழி அழுதார். மாமி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை, ஆனாலும் என்னை அதற்கு மேல் யாரும் கூப்பிடவில்லை.

ஒரு மாதம் கழித்து விமான நிலையத்துக்கு நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கடலோரச் சாலையில் போகும்போது சொல்லிவிட்டேன். வாத்துச் சாப்பிட்ட அன்றைக்குப் பத்து நாள் முன்பே எனக்குத் தெரியும், அந்தப் பிரிவுக்கு என்னைத்தான் பொறுப்பாகப் போடுகிறார்கள் என்று. சொல்லாமல் அனுப்பினால் என்னால் தூங்க முடியாது என்று தோன்றியது. என் நிம்மதிக்காகத்தான் சொன்னேன் என்று இப்போது தெரிகிறது.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். கோபப்பட்டு நான் அவரை அதுவரை பார்த்ததே இல்லை.

“பத்து நாள் உங்கள் காரில் வந்தேன்” என்றார். “உங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். உங்கள் மாமி கேட்டதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.”

பெட்டியை இறக்க நான் கை கொடுத்தபோது வேண்டாம் என்றார். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். வீட்டில் மாமி, பிள்ளை நல்லபடி போய்விட்டாளா என்று கேட்டபோது, போய்விட்டார் என்று மட்டும் சொன்னேன்.

ஐந்து மாதம் எந்தத் தொடர்பும் இல்லை. நான் கண்ணாடி போட்ட அறைக்கு மாறியிருந்தேன். மிச்ச மூன்று லைன்களும் வந்து சேர்ந்தன. பிறகு மழைக்காலத்தில் முதல் லைனில் பழுது வந்தது. சென்சாருக்குள் பிசின் ஊற்றி அடைக்கும் இடத்தில், பிசின் இறுகும்போது உள்ளே குமிழி விட்டது. ஒரு வாரம் முட்டி மோதினோம். நூற்றுக்கணக்கில் சிவப்புப் பெட்டிக்குள் போனது. அவருக்கு எழுதலாம் என்று என் ஆள்கள் சொன்னார்கள். எனக்கு விரல் வரவில்லை. நிறுவனம் அனுப்பிவிட்ட ஒருவரிடம் எந்த முகத்தோடு கேட்பது? கடைசியில் ஒரு வியாழக்கிழமை மதியம், மன்னிப்பு எதுவும் கேட்காமல், குமிழியின் படத்தை மட்டும் வைத்து நாலு வரி எழுதி அவருடைய சொந்த முகவரிக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை பதில் இருந்தது. வணக்கம் இல்லை, பெயர் இல்லை. “அங்கே இப்போது மழை. பிசின் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது. டப்பாவைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தைப் பாதியாக்குங்கள். காற்றுப் புகாத மூடி போடுங்கள். நாளை என்ன நடந்தது என்று எழுதுங்கள்.”

எழுதினேன். குமிழி பாதியாகக் குறைந்திருந்தது. அவர் அடுத்ததைச் சொன்னார். அப்படி இரண்டு வாரம், தினமும் ஒரு கடிதம். அவருக்கு வேலை இல்லாத காலம் அது. தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, தன்னிடமிருந்து போன மெஷினுக்கு, கூலியில்லாமல் வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை ஆலோசகராக எடுத்துக்கொள்ள நான் மேலே எழுதிக் கேட்டேன், முடியாது என்றுவிட்டார்கள். அதையும் அவருக்கு அன்றே எழுதிவிட்டேன். எதையும் மறைக்கக் கூடாது என்று வைத்திருந்தேன். கடைசியாகப் பிசின் சுத்தமாக இறுகிய அன்று அவரிடமிருந்து வந்த கடிதத்தில் இரண்டே வரி. முதல் வரி, “நல்லது.” இரண்டாவது வரி, “மாமி எப்படி இருக்கிறார்?”

என் கண்ணாடி அறைக்குத் திரை இருந்தது நல்லதாகப் போயிற்று.

அதற்குப் பிறகு போனில் முகம் பார்த்துப் பேச ஆரம்பித்தோம். முதல் தடவை நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, மாமியைக் கூப்பிடச் சொன்னார். பத்து வருஷத்துக்கு மேலாக அவர் தம்பியோடு சேர்ந்து வேலை செய்கிறார். பாதாள அறைக்கு வருகிற பயணிகளுக்கு வைன் ஊற்றிக் கொடுத்துக் கதை சொல்வது அவர் வேலை. கோட்டைக் கதையைத் தானும் வெட்கமில்லாமல் சொல்கிறாராம். இந்தியர்களோ மலேசியர்களோ வந்தால் தனியாகச் சொல்ல அவரிடம் விஷயம் இருக்கிறது. புளி விட்ட மீனோடு இதைக் குடிக்காதீர்கள். மிளகு போட்ட ஆட்டுக்கறி, இனிப்புச் சோயாவில் புரட்டிய கோழி, சுட்ட வாத்து, இவற்றோடு குடியுங்கள். சூடான ஊரில் இருந்தால் அரை மணி நேரம் குளிர வையுங்கள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர்கள் ஆச்சரியப்படுவார்களாம்.

போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோது அங்கே குளிர்காலம். மலைச்சரிவில் நின்று கொடிகளைக் கவாத்து செய்துகொண்டிருந்தார். பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. போனைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் வானம், இலையில்லாத கட்டைகள் வரிசை வரிசையாக, தூரத்தில் குனிந்து வெட்டிக்கொண்டிருக்கும் தம்பி. அந்தத் தம்பியை நாங்கள் நேரில் பார்த்ததே இல்லை. அவர் நிமிர்ந்து கத்தரிக்கோலை ஆட்டினார்.

“இவர் இந்த வருஷம் ரிட்டயர் ஆகிறார்” என்று கணவரைக் காட்டிச் சொன்னேன்.

“அப்படியென்றால் செப்டம்பரில் வாருங்கள். பழம் பறிக்க ஆள் வேண்டும். பழைய துணியாகக் கொண்டு வாருங்கள், பழக் கறை போகாது.”

மாமி உள்ளேயிருந்து, உவ என்ன சொல்லுறா என்று கேட்டார். சொன்னேன்.

“அங்க அரிசி கிடைக்குமோ எண்டு கேள்” என்றார்.